மின்சார ரயிலில் லேப்டாப் கொண்டுபோக மெசஞ்சர் பேக்: எதைப் பார்த்து வாங்குவது?

மறைமலைநகர் வாசி

எல்லோருக்கும் வணக்கம். கிண்டியில் புது வேலை, மறைமலைநகரிலிருந்து தினமும் மின்சார ரயில்தான். ஆபீசில் 15.6 இன்ச் லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள், தினமும் வீட்டுக்கு எடுத்துவந்து மறுநாள் திரும்பக் கொண்டுபோக வேண்டும். இப்போதைக்குக் கல்லூரியில் வைத்திருந்த பேக்பேக்கில் போட்டுக்கொண்டு போகிறேன். தாம்பரத்தில் கூட்டம் ஏறியதும் அதைக் கழற்றி முன்பக்கம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, முதுகிலேயே விட்டால் பின்னால் நிற்பவருக்கு இடிக்கிறது, ஜிப்பை யாராவது திறந்தாலும் எனக்குத் தெரியாது.

அதனால் உடம்புக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும் மெசஞ்சர் பேக் வாங்கலாம் என்று நினைக்கிறேன். 3,000 ரூபாய் வரை செலவு செய்யலாம். ஆன்லைனில் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி இருக்கிறது, எல்லாவற்றிலும் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்று போட்டிருக்கிறது. துணி எது நல்லது, தோள் வலி வருமா, மழைக்குத் தாங்குமா, எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்? லேப்டாப்போடு சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை இவ்வளவும் தினமும் உண்டு. என் உயரம் 5 அடி 2 அங்குலம், அதுவும் கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

பைத்தையல் குடும்பம்

எங்கள் வீட்டுத் தொழிலே பை தைப்பதுதான், பாரிமுனைக் கடைகளுக்கு ஸ்கூல் பேக், ஆபீஸ் பேக் எல்லாம் தைத்துக் கொடுக்கிறோம். துணியும் பிராண்டும் அப்புறம், முதலில் பையின் அடியைப் பாருங்கள். லேப்டாப் அடிபடுவது பெரும்பாலும் பையைத் தரையில் வைக்கிற அந்த ஒரு நொடியில்தான், ரயிலில் இடம் கிடைத்து உட்காரும்போதோ ஆபீசில் மேஜைக்குக் கீழே வைக்கும்போதோ. லேப்டாப் அறை பையின் அடி வரை நேராக இறங்கினால், அடியில் ஒரு சுற்றுத் துணியும் மெல்லிய லைனிங்கும்தான் இருக்கும், மூலை தரையில் நேராக இடிக்கும். நல்ல பையில் அந்த அறையை அடியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே தொங்குகிற மாதிரி தைத்திருப்பார்கள். இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். லேப்டாப்பை உள்ளே வைத்துவிட்டு, பையின் அடியை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் கொஞ்சம் உள்ளே போன பிறகு லேப்டாப் தட்டுப்பட்டால் சரி, உடனே கெட்டியாகத் தட்டினால் அந்தப் பை வேண்டாம். கையோடு லேப்டாப்பைக் கொண்டுபோகாமல் பை வாங்கப் போகாதீர்கள்.

அளவு விஷயம். 15.6 இன்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு, பைக்குத் தேவை லேப்டாப் உடம்பின் நீள அகலம். சாதாரண ஆபீஸ் லேப்டாப் என்றால் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் நீளம், 24 சென்டிமீட்டர் அகலம் வரும். கேமிங் வகை என்றால் அகலமும் தடிமனும் இன்னும் கூடும். ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உள் அறை அதைவிட ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும், ரொம்பப் பெரிதாக இருந்தால் நடக்கும்போது லேப்டாப் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும், மூலைகளில் ஃபோம் சீக்கிரம் நசுங்கிப் போகும்.

துணியில் 600டி, 1000டி, 1680டி என்று போட்டிருப்பது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்த எண், எண் கூடினால் நூல் தடிமன் என்று அர்த்தம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே டெனியரில் நைலான் உராய்வுக்கு அதிகம் தாங்கும், பாலியஸ்டர் வெயிலுக்கு அதிகம் தாங்கும். உங்கள் உபயோகத்துக்கு நெருக்கமாக நெய்த 600டி பாலியஸ்டரே போதும், பணம் இருந்தால் 1000டி நைலான். பருத்தி கேன்வாஸ் பார்க்க அழகு, நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நம் ஊர் ஈரக்காற்றில் காயவும் நேரமாகும். பையைத் திறந்து உள்பக்கத் துணியைத் தடவிப் பாருங்கள், வழுவழுப்பாக ஒரு பூச்சு இருக்கும், மழையைத் தடுப்பது அதுதான். லைனிங் தைத்து மூடியிருந்தால் தெரியாது, கடைக்காரரிடம் கேளுங்கள். கடலோர ஊர்களில் பையைப் பல மாதம் மூடி அலமாரியில் வைத்தால் அந்தப் பூச்சு பிசுபிசுத்து உரியும், தினமும் காற்றுப்படப் பயன்படுத்துகிற பையில் அந்தத் தொல்லை குறைவு.

கடைசியாக, பெல்ட் பையோடு சேர்கிற இடம். முழு எடையும் தொங்குவது அந்த இரண்டு இடங்களில்தான். பெல்ட் முனை மேலோட்டமாக ஒரு வரித் தையலில் நிற்கிறதா, அல்லது சைடு தையலுக்குள்ளே நுழைந்து சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறி போலத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதுதான் தாங்கும். பெல்ட்டே பையின் அடியைச் சுற்றி வந்தால் இன்னும் நல்லது. கொக்கி உலோகமாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கொக்கி என்றால் பெல்ட்டை நேரடியாகத் தைத்த பையே மேல். ஜிப்பைத் திறந்து மூட இழுக்கிற ரன்னரின் பின்பக்கம் 5, 8, 10 என்று எண் இருக்கும், பிரதான வாய்க்கு 8 அல்லது 10 எடுங்கள். ஜிப் பல் கடிக்காமல் திறந்துகொண்டால் பெரும்பாலும் ரன்னர்தான் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும், தெருவோரத்தில் பை தைப்பவர்களே செய்துவிடுவார்கள். இதற்காக முழுப் பையைத் தூக்கிப் போடாதீர்கள்.

வேளச்சேரி அக்கா

பைத்தையல் அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் கொண்டுபோகிற எல்லாவற்றையும் எடை போட்டுப் பாருங்கள். லேப்டாப் 1.8 கிலோ என்று வைத்துக்கொண்டால், சார்ஜர் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, சாப்பாட்டோடு டிபன் பாக்ஸ் ஒரு கிலோ, ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, குடை 300 கிராம், வெறும் பையே ஒரு கிலோ. ஐந்தரை கிலோவைத் தாண்டிவிட்டது. இதை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு மறைமலைநகரிலிருந்து கிண்டி வரை ஒரு மணி நேரம் நின்றுகொண்டு போனால் கழுத்தும் தோளும் என்னாகும்? எந்த விலையுள்ள பையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

என் அளவுகோல் இது: மொத்தம் மூன்றரை கிலோவுக்குள் இருந்தால் மெசஞ்சர், நான்கைத் தாண்டினால் பேக்பேக். இடையில் இருந்தால் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். ஆபீசிலேயே இன்னொரு சார்ஜர் வைத்துக்கொள்ளலாம், பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பலாம். டிபனைத் தனியாக ஒரு சின்னத் துணிப்பையில் கையில் பிடித்துக்கொள்ளலாம், லேப்டாப் பக்கத்தில் சாம்பார் வைப்பது எனக்கு எப்போதுமே பயம்தான்.

உயரம் பற்றிக் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி, யாரும் கேட்க மாட்டார்கள். எனக்கும் உங்கள் உயரம்தான். கடையில் எல்லோரும் பெல்ட் எவ்வளவு நீளம் வரும் என்று பார்ப்பார்கள், நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு குறையும் என்று பார்க்க வேண்டும். பல பைகளில் பெல்ட்டை முழுவதும் இழுத்துக் குறைத்தாலும் பை தொடையில் வந்து நிற்கும், ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும், படி ஏறும்போது முழங்காலில் தட்டும். பையின் அடி இடுப்பெலும்புக்குக் கீழே அதிகம் இறங்கக் கூடாது. உடம்போடு ஒட்டி உயரமாக நின்றால் அதே எடை பாதியாகத் தெரியும். பெல்ட் அகலம் ஐந்து சென்டிமீட்டர் இருக்கட்டும், குறுகிய பெல்ட் தோளை அறுக்கும். பெல்ட்டில் தோளுக்கு வரும் மெத்தை நகர்த்தக்கூடியதாக இருந்தால் நல்லது, ஏனென்றால் காலையில் வலது தோள், மாலையில் இடது தோள் என்று மாற்றி மாற்றி மாட்ட வேண்டும்.

இன்னொன்று, துப்பட்டா போடுகிறவர்கள் மூடியில் வெல்க்ரோ வைத்த பையைத் தவிர்த்துவிடுங்கள். துணியைப் பிடித்து நூல் நூலாக இழுத்துவிடும்.

சைக்கிள் பிரியன்

அக்கா சொல்கிற எடைக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ரயிலுக்கு இந்தப் பைதான் பொருத்தம் என்று வாதாட வந்திருக்கிறேன். இந்தப் பை எதற்காக இப்படி ஆனது என்று தெரிந்தால் எதைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ மாதிரி ஊர்களில் சைக்கிளில் போய் ஆபீஸ் கடிதங்கள், கட்டுகள் கொடுத்துவிட்டு வரும் கூரியர் ஆட்கள் பயன்படுத்தியது இது. நாள் முழுக்க ஒவ்வொரு கட்டடமாக இறங்கி ஏறுகிறவர்கள், ஒவ்வொரு தடவையும் பையைக் கழற்ற முடியாது. முதுகில் இருக்கிற பையை ஒரே இழுப்பில் மார்புப் பக்கம் கொண்டுவந்து, மூடியைத் தூக்கி, பொருளை எடுத்துவிட்டு மறுபடி பின்னால் தள்ளிவிடுவார்கள். மன்ஹாட்டன் போர்ட்டேஜ் 1983-இல் வந்தது, டிம்பக்2 1989-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கூரியர்காரரே ஆரம்பித்தது. 1993-இல் சூரிக்கில் ஃப்ரைடாக் சகோதரர்கள் பழைய லாரித் தார்ப்பாயில் பை தைத்து, கார் சீட் பெல்ட்டைத் தோள்வாராகவும் சைக்கிள் டியூபை ஓரப் பட்டையாகவும் வைத்தார்கள். சூரிக் மழையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு நனையாத பை வேண்டும் என்பதுதான் காரணம்.

இதிலிருந்து இரண்டு விஷயம். ஒன்று, கூட்டத்தில் கழற்றாமல் முன்னால் இழுத்துக்கொள்ளும் வசதி இந்தப் பையின் பிறவிக் குணம், உங்களுக்குத் தேவையானதும் அதுதான். ஆகவே பெல்ட்டை ஒரு கையால் தளர்த்தவும் இறுக்கவும் முடிகிற பக்கிள் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாவிட்டால் பெயருக்குத்தான் மெசஞ்சர். இரண்டு, காகிதம் சுமக்க வந்த பை இது, லேப்டாப்புக்காக வந்ததில்லை. அதனால்தான் பழைய பாணியில் வருகிற பல பைகளில் மெத்தை அறையே இருக்காது. அப்படி ஒன்று பிடித்துப்போனால் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தனியாக ஒரு ஸ்லீவ், அதாவது மெத்தை உறை, வாங்கி உள்ளே போட்டுக்கொள்ளலாம், அடியில் மடித்த ஃபோம் ஒன்றும் போட்டுவிட்டால் பைத்தையல் அண்ணா சொன்ன குறை தீர்ந்துவிடும்.

மறைமலைநகர் வாசி

இவ்வளவு விவரமாகப் பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி அம்மாவின் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பை நீங்கலாகவே 4.4 கிலோ வந்தது. சார்ஜரை ஆபீசில் விட்டுவிட்டு, பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய், டிபனைத் தனிப் பையில் பிடித்தால் லேப்டாப், குடை, சில்லறைச் சாமான் எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல்தான். அப்படியென்றால் மெசஞ்சர் பக்கம் போகலாம் இல்லையா?

அப்பா லெதர் பை வாங்கு, பத்து வருடம் உழைக்கும் என்கிறார். 3,000 ரூபாய்க்கு நல்ல லெதர் பை கிடைக்குமா? அப்புறம் மூடியில் காந்தம் வைத்த பைகள் லேப்டாப்பைக் கெடுக்கும் என்கிறார்களே, உண்மையா?

வாணியம்பாடிக்காரன்

லெதர் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் ஊர்ப் பிழைப்பே அதுதான். அப்பா சொல்வது நிஜம், நல்ல தோல் பத்து வருடத்துக்கு மேலும் உழைக்கும், தேயத் தேயப் பளபளப்பு கூடும். ஆனால் 15.6 இன்ச் லேப்டாப் கொள்கிற பை முழுக்க அசல் தோலில் என்றால் வெறும் பையே ஒன்றரை கிலோவுக்குப் பக்கத்தில் வரும். நீங்கள் பாடுபட்டுக் குறைத்த எடை அங்கே திரும்பி வந்துவிடும். 3,000 ரூபாய்க்குக் கடையில் லெதர் என்று காட்டுவது பெரும்பாலும் பியூ ரெக்சின் என்கிற செயற்கைத் தோல், அல்லது தோல் தூளைப் பசை போட்டு அழுத்திய ஷீட். நம் ஊர் ஈரத்துக்கு இரண்டும் ஓரிரு வருடத்தில் மேல்தோல் உரிந்து உதிரும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வெட்டிய ஓரத்தையும் பின்பக்கத்தையும் பாருங்கள். அசல் தோலின் பின்பக்கம் நார் நாராக, சொரசொரப்பாக இருக்கும். ரெக்சினில் துணி நெசவு தெரியும். ஓரங்களை எல்லாம் பெயின்ட் அடித்தோ மடித்துத் தைத்தோ மறைத்திருந்தால் பாக்கெட்டுக்குள் எங்காவது வெட்டு முனை தெரிகிறதா என்று தேடுங்கள். சென்னையில் பெரியமேடு போனால் தோல் வியாபாரிகள் வரிசையாக இருப்பார்கள், தோலை நாமே தேர்ந்தெடுத்துத் தைக்கக் கொடுக்கவும் முடியும், ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் அடங்காது. சம்பளம் கூடின பிறகு, லேப்டாப்பும் சின்னதாக மாறின பிறகு வாங்குங்கள். அப்படி வாங்கினால் மழைக்காலத்தில் பாலிதீன் கவரில் சுற்றி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும்.

பைக் பயணி

காந்தம் பற்றி: இப்போதைய லேப்டாப்பில் தகவல் சேமிக்கக் காந்தத் தட்டு இல்லாத எஸ்எஸ்டி இருக்கும், பை மூடியில் இருக்கிற சின்னக் காந்தம் அதை ஒன்றும் செய்யாது. பல லேப்டாப்களில் மூடியதும் தூங்கப் போவதற்கே உள்ளே ஒரு காந்தமும் அதை உணர்கிற சென்சாரும்தான் வைத்திருக்கிறார்கள். பின்னால் கறுப்புக் காந்தப்பட்டை உள்ள கார்டுகளை மட்டும் அந்த மூடிக்கு நேராக வைக்காதீர்கள். மெட்ரோ கார்டு தொட்டால் வேலை செய்கிற சிப் வகை, அந்தச் சிப்புக்குப் பாதிப்பில்லை.

அதைவிட முக்கியம், மெத்தை அறைக்குள் லேப்டாப்பை வைக்கும் முன் மூடினால் மட்டும் போதாது, ஷட் டவுன் செய்யுங்கள், அல்லது திறந்திருந்த வேலையைச் சேமித்துவிட்டு அணைகிற ஹைபர்னேட். மூடி வைத்த லேப்டாப் பைக்குள்ளேயே தானாக விழித்து அப்டேட் ஓட்ட ஆரம்பித்தால் சூடு வெளியே போக வழியே இல்லை, சுற்றிலும் ஃபோம். தொட்டால் கை சுடுகிற அளவுக்குப் போகும், பேட்டரிக்கு ரொம்பக் கெடுதல்.

இதைப் படிக்கிற இரு சக்கர வாகனக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரயிலுக்குச் சொன்னதெல்லாம் நமக்குப் பொருந்தாது. பிரேக் போடும்போது குறுக்குப் பை சுழன்று முன்னால் வந்து ஹேண்டிலில் இடிக்கும், திருப்பத்தில் அது உயிருக்கே ஆபத்து. இடுப்பைச் சுற்றி இன்னொரு சின்னப் பட்டை உள்ள பை என்றால் ஓரளவு நிற்கும், ஆனால் பைக்கில் போகிறவர்கள் பேக்பேக்கே வாங்குங்கள்.

பைத்தையல் குடும்பம்

தம்பி, இரண்டு சொச்சம் கிலோ என்றால் தாராளமாக மெசஞ்சர் வாங்குங்கள். மழை பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை, ஐப்பசி கார்த்திகைக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது. "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றால் தூறலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். துணி வழியாகத் தண்ணீர் போகாவிட்டாலும் தையல் ஓட்டை வழியாகப் போகும், ஜிப் வழியாக அதைவிட வேகமாகப் போகும். அதனால் மேலே திறந்த ஜிப் மட்டும் உள்ள ஆபீஸ் பை மாதிரி எடுக்காமல், ஜிப்புக்கு மேல் மூடி விழுகிற பையாக எடுங்கள், அந்த மூடி இரண்டு பக்க மூலைகளையும் மறைத்து இறங்க வேண்டும். பல பைகளில் மூடி நடுவில் மட்டும் இருக்கும், ஓரத்தில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், மழை நேராக அங்கே இறங்கும்.

ரெயின் கவர் பேக்பேக்குக்குத்தான் சரியாக நிற்கும், குறுக்குப் பையில் பெல்ட் இரண்டு பக்கமும் வருவதால் வாய் திறந்தே இருக்கும், அதற்காகக் காசு கொடுக்காதீர்கள். கெட்டியான ஒரு பாலிதீன் கவரைப் பையின் சின்ன அறையில் மடித்து வைத்திருங்கள், மழை வந்தால் லேப்டாப்பை அதில் போட்டு வாயை மடித்து அறைக்குள் இறக்கிவிடலாம். ஈரக் குடையைப் பைக்குள் போடவே வேண்டாம், வெளியே குடைக்கென்று வலை பாக்கெட் இருக்கிற பையாகப் பாருங்கள்.

வாங்கும்போது கடையில் லேப்டாப், குடை எல்லாவற்றையும் உள்ளே போட்டு மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள், கடைக்காரர் முகத்தைப் பார்த்துக் கூச்சப்பட வேண்டாம். 1,800 ரூபாயிலிருந்து 2,500 ரூபாய்க்குள் நான் சொன்ன தையலோடு கிடைக்கும். ஆன்லைனில்தான் வாங்குவேன் என்றால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பை வந்த அன்றே அந்தக் கட்டைவிரல் சோதனையைச் செய்துவிடுங்கள், டேக்கை அதுவரை வெட்டாதீர்கள்.

மறைமலைநகர் வாசி

சனிக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பாரிமுனைக்கே போகிறேன். அக்கா, ஒரு கேள்வி மட்டும் பாக்கி: பெல்ட் குறையவில்லை, மற்றதெல்லாம் பிடித்திருக்கிறது என்றால் பெல்ட்டை வெட்டித் தைத்துக்கொள்ளலாமா?

வேளச்சேரி அக்கா

தாராளமாக. பக்கிள் பக்கம் வெட்டாமல் நுனிப் பக்கம் வெட்டச் சொல்லுங்கள், வெட்டிய முனையை மெழுகுவத்தியில் லேசாகக் காட்டினால் நூல் பிரியாது. நைலான், பாலியஸ்டர் பெல்ட்டுக்குத்தான் இது, பருத்திப் பட்டை என்றால் மடித்துத் தைக்க வேண்டும்.